வெங்காயக் கத்தி

கத்தியைக் கையில் எடுத்ததும் அவர் அதை மூக்கருகே கொண்டுபோனார். எப்போதும் செய்வதுதான். பிடியிலிருந்து நுனிவரை ஓர் இழுப்பு, ஒரு தலையசைப்பு, பிறகுதான் பழத்தில் வைப்பார். முலாம்பழம் இரண்டாகப் பிளந்து மேடையில் ஆடிக்கொண்டு கிடந்தது. குழாயடியில் திராட்சையை அலசிக்கொண்டிருந்த அவர் மனைவி அதைப் பார்த்தாள். பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் கத்தியை மோந்து பார்ப்பது, சட்டைக்குப் பொத்தான் போடுவது மாதிரி. கண்ணில் படும், மனசில் ஏறாது.

மண்டியில் அவர் பெயர் மூக்கண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வரி கட்டிய ரசீதுகளில் மட்டும் மிச்சமிருந்தது. விடியற்காலையில் லாரி வந்து நின்று தார்ப்பாயைத் தூக்கினால், டீக் கிளாஸும் கையுமாக நிற்கிற பழ வியாபாரிகள் பழத்தைப் பார்க்க மாட்டார்கள், இவர் முகத்தைப் பார்ப்பார்கள். கூடையின் அடியில் கையை விட்டு ஒன்றை உருவி, காம்பு இருந்த பள்ளத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். அந்த நேரத்தில் மண்டியில் ஈகூட மரியாதையாகப் பறக்கும். “ம்” என்றால் ஏலம் சூடு பிடிக்கும். உதட்டைப் பிதுக்கினால் ஏலக்காரர் வாயைத் திறப்பதற்குள் விலை படுத்துவிடும். அவருடைய கடை ஒன்றும் பெரிசில்லை. பெரிய கடைக்காரர்கள் எல்லாம் அந்த ஒரு “ம்”முக்குக் காத்துக்கிடந்ததால் அதுவும் பெரிய கடையாக நடமாடிக்கொண்டிருந்தது.

காத்துக்கிடக்காதவன் ஒருவன் உண்டு. அப்பாவின் கடைக்குப் புதிதாக வந்து உட்கார்ந்த சின்ன முதலாளி. பேனா மாதிரி ஒரு கருவி வைத்திருந்தான். பழச்சாற்றை ஒரு சொட்டு விட்டால் இனிப்பு எவ்வளவு என்று அதில் எண் தெரியும். முதல் நாள் அதை மண்டியில் எடுத்து நீட்டியபோது மூக்கண்ணன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இனிப்பைச் சொல்லுது தம்பி, வாஸ்தவம். வாசத்தைச் சொல்லுமா? இதுல சர்க்கரைத் தண்ணிய ஊத்திப் பாரு, அதையும் நல்ல பழம்னுதான் சொல்லும்.” மண்டியே சிரித்தது. கருவி சட்டைப் பையைவிட்டு வெளியே வராமல் போயிற்று. ஆனால் சட்டைப் பையை விட்டுப் போகவும் இல்லை.

கோடை உச்சிக்கு வந்து சரக்கு மலையாகக் குவிகிற சமயத்தில், ஒரு சாயங்காலம் கடைகளைப் பூட்டிவிட்டு எல்லோரும் குடும்பத்தோடு யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். இந்த வருடம் மூக்கண்ணன் வீட்டு மொட்டை மாடி. பழ வியாபாரிகளுக்குப் பழத்தட்டு வைப்பது போல ஒரு கஷ்டமான காரியம் கிடையாது. தையற்காரர்கள் கல்யாணத்துக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போகிற மாதிரி. வருகிறவர்கள் தின்ன மாட்டார்கள், விசாரணை நடத்துவார்கள். எந்தத் தோட்டம், என்றைக்குப் பறித்தது, யாரிடம் ஏமாந்தாய் என்று ஒவ்வொரு துண்டும் சாட்சி சொல்லியாக வேண்டும். அதனால் அன்றைக்கு மட்டும் நறுக்குகிற வேலையை அவர் யாரிடமும் விட மாட்டார். கழுவுவதும் அடுக்குவதும் அவள் பங்கு.

முலாம்பழத்தைப் பிறை பிறையாகச் சீவி வைத்துவிட்டு, அதே கத்தியால் பப்பாளியையும் முடித்தார். தர்பூசணியை அவள் காலையிலேயே பெரிய கத்தியால் முக்கோணம் முக்கோணமாகப் போட்டு ஈரத்துணியில் மூடி வைத்திருந்தாள்.

“நடுவுல முலாம்பழம் வரணும். பூ மாதிரி. போன வருஷம் கூடின வீட்ல அன்னாசிய நடுவுல நிக்க வச்சு, ஏதோ காவல்காரன் நிக்கிற மாதிரி இருந்துச்சு.”

“நீங்க போய் நாற்காலியப் போடுங்க. தட்டுக்கு நான் ஆச்சு.”

அவர் மாடிக்குப் போனார். அவள் வட்டத்தட்டைத் துடைத்து எடுத்து விளிம்பிலிருந்து ஆரம்பித்தாள். வெளியே தர்பூசணியின் சிவப்பு. அதை ஒட்டி ஆரஞ்சுச் சுளைகள். அதற்குள்ளே பச்சைத் திராட்சை. பப்பாளி ஒரு சுற்று. நிறங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் கலந்துவிடாமலும் உட்கார்ந்தன. நடுவில் முலாம்பழப் பிறைகளைச் சாய்த்துச் சாய்த்து இதழாக்கினாள். கடைசியில் மேலே மாதுளை முத்துகளைத் தூவிவிட்டு, எட்ட நின்று பார்த்தாள். வேலை முடிந்த கர்வத்தில் இன்னொரு தரம் கிட்டே போய்க் குனிந்தாள்.

வெங்காயம் அடித்தது.

தன் கைதான் என்று நினைத்தாள். மத்தியானச் சமையலுக்கு நிறைய நறுக்கியிருந்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சைத் தோலால் ஓர் இழுப்பு இழுத்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள். கை இல்லை. முலாம்பழம். ஒரு இதழை எடுத்துக் கடித்தாள். முதலில் நல்ல இனிப்பு. பின்னாலேயே, கடன்காரனைப் போல, பச்சை வெங்காயம். பப்பாளியும் அதே லட்சணம்.

மேடையில் கிடந்த கத்தியைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. முன்பெல்லாம் வெங்காயக் கத்தியின் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். ஊரிலிருந்து வந்த மகள், பழைய கத்திகளைப் பார்த்து முகம் சுளித்து, ஒரே மாதிரி இரண்டு புதுக்கத்தி வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். இன்றைக்கு மத்தியானம் வெங்காயம் நறுக்கிய ஒன்றை இவள் துணியில் துடைத்து மேடை ஓரத்தில் வைத்திருந்தாள், கழுவவில்லை. அவர் அதை எடுத்துவிட்டார்.

அவளுக்கு முதலில் வந்தது, சொன்னால் வெட்கம், சந்தோஷம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் அவள் வெங்காயக் கத்தியால் ஓர் ஆப்பிளை நறுக்கிவிட்டாள். அவர் முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். படித்துக்கொண்டே, தாளைக்கூட இறக்காமல், “யாரது வெங்காயத்துக்கும் பழத்துக்கும் கல்யாணம் பண்ணி வச்சது?” என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். மாமியார், நாத்தனார் எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். சிவப்பு நூல் அன்றைக்குத்தான் வந்தது. “உனக்கு மூக்கு எதுக்குன்னா, மூக்குத்தி போட” என்ற வாக்கியமும் அன்றைக்குத்தான் பிறந்தது. அதற்கப்புறம் எத்தனையோ விருந்தாளிகள் வந்து அந்த வாக்கியத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வட்டியோடு திரும்ப வாங்க ஒரு நாள் வராதா என்று அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வந்துவிட்டது. மாடிப்படிக்கு இரண்டு எட்டு வைத்தும் விட்டாள்.

மூன்றாவது எட்டில் கால் நின்றது.

அவர் கத்தியை மோந்து பார்த்தாரே.

பிடியிலிருந்து நுனிவரை இழுத்தார். தலையை ஆட்டினார். பிறகுதான் நறுக்கினார். நறுக்கும்போது ஒரு துண்டு வாயில்கூடப் போட்டுக்கொண்டார், “இனிப்பு அம்சமா இருக்கு” என்றார். முன்னறையிலிருந்து ஆப்பிளைக் கண்டுபிடித்த மனிதர்.

அவள் திரும்பி வந்து கத்தியை எடுத்து மோந்தாள். ஜலதோஷக்காரனுக்குக்கூடத் தெரியும்.

அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோடை தொடங்கும்போது அவருக்கு வந்த காய்ச்சல் நினைவுக்கு வந்தது. எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு சாப்பாட்டில் பிடிப்பில்லை, வாய்க்கசப்பு என்றார். ஒரு நாள் பால் பொங்கித் தீய்ந்து வீடே நாறியது, பக்கத்தில் உட்கார்ந்து தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர் அசையவில்லை. அன்றைக்கு அதற்காகச் சண்டைகூடப் போட்டாள். பிறகு அந்தப் பொட்டலங்கள்.

அதை நினைத்ததும் அவளுக்கு முகம் சுட்டது. காய்ச்சலுக்கு அப்புறம்தான் அவர் சாயங்காலம் வரும்போது தாளில் மடித்து ஏதாவது ஒரு துண்டு பழம் கொண்டுவர ஆரம்பித்தார். ஒரு நாள் மாம்பழம், ஒரு நாள் அன்னாசி. “சும்மா தின்னு பாரு. எப்படி இருக்கு சொல்லு.” ஆயுள் முழுக்க அவள் மூக்கைக் கிண்டல் செய்த மனிதர், எதிரே உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார். அவளும் சொன்னாள். முதலில் கூச்சமாக, பிறகு சரளமாக. இது வெயிலில் கிடந்த வாசம். இதில் இனிப்பு முன்னால் வருகிறது, மணம் பின்னாலேயே நின்றுவிட்டது. இதைப் புகைபோட்டுப் பழுக்கவைத்திருக்கிறார்கள். அவர் மறுபேச்சில்லாமல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலை அவர் யாரிடமோ தொலைபேசியில், “இனிப்பு முன்னால வருது, மணம் பின்னாலயே நின்னுடுச்சு” என்று சொன்னது காதில் விழுந்தபோது, அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தாள். நம் பேச்சையும் நாலு பேரிடம் சொல்கிறாரே என்று ஒரு பெருமை. வயசான காலத்தில் மனுஷனுக்குப் பிரியம் திரும்பியிருக்கிறது என்று நினைத்தாள். சாயங்காலம் அவர் வருகிற நேரத்துக்கு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். இதை யாரிடமும் சொல்ல முடியாது.

பிரியமாவது மண்ணாவது. மூக்கு வேண்டியிருந்தது, வீட்டில் ஒன்று சும்மா கிடந்தது.

எழுந்தாள். முலாம்பழம் முழுவதையும் பப்பாளியையும் வழித்துக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். அவற்றைத் தொட்டிருந்த திராட்சையையும் எடுத்துப் போட்டாள். தட்டைக் கழுவித் துடைத்து மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள். பப்பாளி இடத்தில் மாம்பழம், அவளே நல்ல கத்தியால் சீவியது. முலாம்பழம் வேறு இல்லை. நடுவில் பள்ளம் விழுந்தது. அதில் கறுப்புத் திராட்சையைக் குவித்தாள்.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார்.

“முலாம்பழம் எங்க?”

“குப்பைத் தொட்டியில.”

“ஏன், உள்ள அழுகலா?”

“இல்ல. நல்ல பழம்.” கத்தியை நீட்டினாள். “இதை மோந்து பாருங்க.”

வாங்கினார். பழக்கத்தில் கை மூக்குக்குப் போயிற்று. பிடியிலிருந்து நுனிக்கு வந்து, தலையசைக்கப் போனவர் பாதியில் நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். விடியற்காலையில் மண்டி அவர் முகத்தைப் பார்க்குமே, அந்தப் பார்வை.

“கழுவின கத்திதானே” என்றார்.

“மத்தியானம் வெங்காயம் நறுக்கினது. கழுவல.”

மேலே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சீக்கிரம் வந்துவிட்ட விருந்தாளி. அவர் கத்தியை மெதுவாக மேடையில் வைத்தார். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

“காய்ச்சலுக்கு அப்புறமா?” என்றாள்.

“ம்.” இந்த “ம்”முக்கு ஏலம் எதுவும் சூடு பிடித்திருக்காது. “திரும்ப வந்துரும்னு நெனச்சேன். ஒரு வாரம், இன்னொரு வாரம்னு. நாக்கு இருக்கு. இனிப்பு தெரியும், புளிப்பு தெரியும். அதைத்தான் அந்தப் பையனோட கருவியும் சொல்லுதே.”

“டாக்டர்கிட்ட போகலாம்ல?”

“போனா மண்டிக்குத் தெரிஞ்சிடும். மூக்கு டாக்டர் வாசல்ல மூக்கண்ணன் உக்காந்திருந்தா என்ன அர்த்தம்?”

சிரிப்பு வந்துவிடுமோ என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். இப்போது சிரித்தால் கோபம் போய்விடும். கோபத்தை அவ்வளவு மலிவாக விட அவளுக்கு மனசில்லை.

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் என்ன ஏலமா விடப் போறேன்?”

“உன்கிட்ட...” என்று ஆரம்பித்தவர், தரையைப் பார்த்தார். “உன் மூக்கைப் பத்தி அவ்ளோ பேசிட்டு, எந்த முகத்தோட வந்து சொல்ல?”

“அதனால மறுநாள் சரக்கோட மாதிரியைப் பொட்டலம் கட்டிக்கிட்டு வந்தீங்க.”

“நீ சொன்னதுல ஒண்ணு தப்பல. ஒண்ணுகூட. அந்த அன்னாசிய நீ வேணாம்னு சொன்னே பாரு, நான் உதட்டைப் பிதுக்கினேன், யாரும் எடுக்கல. மறுநாள் அவ்வளவும் உள்ள கறுப்பு. மண்டில என்னைத் தோள்ல தூக்கிட்டாங்க. நான் எங்க பாக்கறதுன்னு தெரியாம நின்னேன்.”

ஒரு வியாபாரி வாயிலிருந்து வருகிற பாராட்டு எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியும். அதை வாங்கிக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை. சரக்கைத் திருடிக்கொண்டு போனவன், சரக்கு அருமை என்று வந்து சொல்கிற மாதிரி இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். “இன்னிக்கு அந்தப் பையன் புதுத் தோட்டத்து முலாம்பழம் கொண்டுட்டு வரான். நாளைக்கு முழு லோடு இறங்குது. எல்லார் முன்னாடியும் என்னைச் சொல்லச் சொல்லுவான். நான் எடுன்னா எல்லாரும் எடுப்பாங்க. தப்பாப் போனா...” மாடிப்படியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “நீ பக்கத்துல நில்லு. நல்லா இருந்தா தட்டை இந்தப் பக்கம் வை, இல்லைன்னா...”

“சைகை காட்டறதுக்கு நான் என்ன சீட்டாட்டத்துல கூட்டாளியா?”

“அப்ப சொல்ல மாட்டியா?”

“பாக்கலாம்” என்றாள்.

வியாபாரக் குடும்பத்தில் “பாக்கலாம்” என்பதற்கு அர்த்தம் கிடையாது. ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. வாய் சொன்னதைக் கால் காட்டிக்கொடுக்குமா என்று எதிராளி பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். அவர் பின்னால் வந்தார்.

மாடியில் வெயில் இறங்கியிருந்தது, தரை மட்டும் சூட்டை விடாமல் வைத்திருந்தது. பாயும் நாற்காலியுமாக நிறைந்திருந்த கூட்டம், தட்டைக் கண்டதும் ஒரு கணம் வாயடைத்தது. அது நல்ல அறிகுறி. மறுகணம் விசாரணை ஆரம்பமாயிற்று. ஒருவர் தர்பூசணித் துண்டை எடுத்து விதையைச் சோதித்தார். இன்னொருவர் மாம்பழச் சீவலை வெளிச்சத்தில் பிடித்து நாரைப் பார்த்தார். உடம்பும் குரலும் தாராளமான வாழைக்காரர் தட்டைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

“என்ன அண்ணி, ஊர்ப் பழமெல்லாம் இருக்கு, என் பழத்தை மட்டும் காணோம்?”

“நறுக்கினா கறுத்துடுமே. உங்களை மாதிரி முழுசா வந்து உக்காந்தாத்தான் அதுக்கு அழகு.”

மாடி சிரித்தது. அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் வியாபாரிக் கண் சிரிப்பில் மூடாது. “அது சரி, நடுவுல ஏன் திராட்சை? மூக்கண்ணன் வீட்டுத் தட்டுல முலாம்பழம் இல்லியா?”

“அதுக்குத்தான் நான் வந்திருக்கேனே” என்று எழுந்தான் சின்ன முதலாளி. பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தான். வலை பின்னியது போன்ற தோல், பொன்நிறம், பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. “புதுத் தோட்டம். நாளைக்கு விடியக்காலைல மொத்தமும் வருது. கருவியில நல்லாத்தான் காட்டுது. ஆனா நம்ம ஆளுங்க, அண்ணன் சொல்லட்டும்கறாங்க. சொல்லுங்கண்ணே.”

அவர் பழத்தை வாங்கினார். காம்புப் பள்ளத்தை மூக்கில் வைத்தார். மாடி அடங்கியது. குழந்தைகளைக்கூட யாரோ அதட்டி உட்காரவைத்தார்கள். மூக்கு விடைத்தது, நெஞ்சு ஏறி இறங்கியது, எல்லாம் வழக்கம்போலத்தான். ஒன்று மட்டும் வேறு, அது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. கண்ணை மூடவில்லை. பழத்துக்கு மேலாக அந்தக் கண்கள் கூட்டத்தில் அவளைத் தேடின.

நேரம் போயிற்று. யாரோ தொண்டையைச் செருமினார்கள். சின்ன முதலாளியின் கை, கெட்ட எண்ணத்தோடு அல்ல, பழக்கத்தில், சட்டைப் பைக்குப் போயிற்று.

“எப்பவும் நான்தான் சொல்றேன்” என்றார் மூக்கண்ணன். குரல் கொஞ்சம் உயரத்தில் வந்தது. “இன்னிக்கு நம்ம வீட்டுக்காரி சொல்லட்டும்.”

“மூக்குத்தி போடற மூக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க?” என்றார் வாழைக்காரர்.

“அதெல்லாம் வெளிப்பேச்சு. வாயால சொல்ல வேணாம். விரலைப் பிடிக்கட்டும்.” தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார்.

இதற்குச் சிரிப்பு பலமாக வந்தது. மண்டியில் விலையை வாயால் பேசுவதில்லை. துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். கட்டை விரலைப் பிடித்தால் எடு, சுண்டு விரலைப் பிடித்தால் விடு. சுற்றி எத்தனை பேர் நின்றாலும் துண்டுக்கு அடியில் நடந்தது அந்த இரண்டு பேருக்கு மட்டும். கல்யாணமான புதிதில் அவர் அதை அவளுக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார், போர்வைக்கு அடியில். ஆனால் மண்டிக்காரர்கள் முன்னால் எந்தப் பெண்ணும் துண்டுக்குள் கைவிட்டது இல்லை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு “போங்க, உங்களுக்கு வேற வேலையில்ல” போதும். திரும்பிக் கீழே போய்விடலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவர் மட்டும் அந்தப் பழத்தோடு அங்கேயே நிற்பார்.

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தாள்.

“நீங்க பிடிங்க தம்பி” என்றாள் சின்ன முதலாளியிடம். “என் கையில வெங்காயம்.”

அவன் இரண்டு கையிலும் பழத்தை ஏந்திப் பிடித்தான். அவள் குனிந்தாள். முதலில் வந்தது வெயில், பிறகு தேன். நல்ல வாசம், எல்லோரையும் மயக்குகிற வாசம். அவள் நிமிரவில்லை. மூச்சை விட்டுவிட்டு இன்னொரு தரம் உள்ளே போனாள், தேனுக்கும் அந்தண்டை, பழம் தன்னைப் பற்றி யாரிடமும் சொல்லாத இடத்துக்கு. அங்கே இருந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அவளும் இத்தனை வருடம் வியாபாரி வீட்டில்தான் இருந்திருக்கிறாள்.

துண்டு விரிந்து கிடந்தது. அவள் கையை உள்ளே விட்டாள்.

அங்கே அவர் கை மல்லாந்து கிடந்தது. எந்த வியாபாரியும் துண்டுக்கு அடியில் கையை அப்படி வைக்க மாட்டான். விரல்களை மடக்கி, எதிராளி தேடும்படிதான் வைப்பான். இது முழுதாகத் திறந்து, ஐந்து விரலும் விரிந்து, கோடையிலும் சில்லென்று இருந்தது. தாளில் மடித்த பொட்டலங்களை அவள் நினைத்தாள். முகம் கழுவிய சாயங்காலங்களையும் நினைத்தாள். கோபம் இன்னும் அப்படியேதான் இருந்தது, எங்கும் போய்விடவில்லை. அந்தக் கோபத்தோடேயே ஒரு விரலைப் பிடித்தாள், மூக்கு சொன்னதை அப்படியே.

வாழைக்காரர் கழுத்தை நீட்டினார். சின்ன முதலாளி பழத்தை ஏந்தியபடியே நின்றான். பையில் இருந்த கருவிக்குப் போக அவனிடம் இப்போது கை இல்லை. துண்டு ஒரு முறை அசைந்து நின்றது. மறுபடி அசைந்தது. சாதாரணமாக ஒரு பேரத்துக்கு ஆகிற நேரத்தைவிட அதிகமாகவே ஆயிற்று.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.